அடுப்பில் வைத்த சப்பாத்திக் கட்டை

இன்று காலை சப்பாத்தி தேய்க்கும்போது கட்டையிலிருந்து கிரீஸ் வாசனை வந்தது. சீயக்காய் போட்டு இரண்டு தரம் கழுவியும் போகவில்லை. மாவை மூடி வைத்துவிட்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். நீங்கள் கண்ணை மூடி ஏழு மாதம் ஆகிறது.

போன சனிக்கிழமை, கிளச் பிளேட்டு மாற்றுவதற்காகக் கழற்றிய நம் வண்டியின் இன்ஜினும் கியர்பாக்ஸும் கொட்டகையில் தனித்தனியாகக் கிடந்தன. ஓசூர் ரோட்டுத் தோட்டங்களிலிருந்து பட்டாளத்துச் சமையலறைக்குக் காய்கறி ஏற்றிப் போவது ஒன்றுதான் நம் பிழைப்பு. திங்கட்கிழமை காலை வண்டி வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்கள். உங்கள் தம்பி கொட்டகை வாசல் மரக்கிளையில் சங்கிலி கட்டி இன்ஜினை எப்படியோ இறக்கி உட்கார வைத்துவிட்டார். கியர்பாக்ஸ்தான் சேரமாட்டேன் என்றது. நானும் தோள் கொடுத்து நாலு முறை தூக்கினோம். ஒவ்வொரு முறையும் இரண்டு விரல் இடைவெளியில் நின்றுவிட்டது.

"கிளச் பிளேட்டு நடுவுல நிக்கல அண்ணி. போல்ட்டப் போட்டு முறுக்கி இழுத்துடறேன்" என்றார்.

வேண்டாம் என்றேன். நீங்கள் சொல்வது எனக்கு நினைவிருந்தது: "நடுவு சரியா இருந்தா தானா உள்ள போயிடும். இழுத்தா பிளேட்டு வளைஞ்சிடும்." அப்படிச் சொல்லித்தானே போன முறை கிளச் மாற்றியபோது என் கல்யாணச் சீர் சப்பாத்திக் கட்டையின் முனையைச் சீவினீர்கள். அதை அந்த வட்டப் பிளேட்டின் நடு ஓட்டை வழியாக இன்ஜினுக்குள் செருகி, பிளேட்டை நடுவில் நிறுத்தி முடுக்கிவிட்டு உருவினீர்கள். நான் இரண்டு நாள் உங்களோடு பேசவில்லை. "புதுசு வாங்கித் தரேன், மூஞ்சிய அப்படி வெச்சுக்காதே" என்றீர்கள். வாங்கியும் தந்தீர்கள். பழையது உங்கள் சாமான் பெட்டிக்குப் போனது.

ஓடிப்போய்ப் பெட்டியைக் கவிழ்த்துத் தேடினேன். அப்போதுதான் நெஞ்சில் இடித்தது. நீங்கள் போன மறுமாதம், அடைமழை, விறகெல்லாம் ஈரம். பிள்ளைகளுக்குக் கஞ்சி வைக்க அந்தக் கட்டையை அடுப்பில் வைத்தவள் நான்தான். விறகு இல்லாமல் மட்டுமில்லை. இந்த ஓட்டை வண்டியை என் தலையில் கட்டிவிட்டுப் போனீர்களே என்ற ஆத்திரமும்தான். எரிவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கொட்டகையில் கிடந்த குச்சிகளை வைத்துப் பார்த்தோம். எல்லாம் வளைசல். பொழுதும் சாய்ந்துகொண்டிருந்தது. வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்து உங்களைத் திட்டினேன், என்னையும் திட்டிக்கொண்டேன். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு எந்த வாசலில் போய் நிற்பேன் என்று வாய்விட்டு அழுதேன்.

பிறகு எழுந்து உள்ளே போனேன். நீங்கள் வாங்கித் தந்த கட்டையையும் கத்தியையும் கொண்டுவந்தேன்.

"அண்ணி, அது அண்ணன் வாங்கினது."

"தெரியும் தம்பி. அளவைச் சொல்லுங்க."

நானே சீவினேன். கொஞ்சம் கூடுதலாகவே சீவிவிட்டேன், நூல் சுற்றிச் சரிக்கட்டினோம். பிளேட்டை முடுக்கிக் கட்டையை உருவியதும், கியர்பாக்ஸ் நீங்கள் சொன்னபடியே தள்ளாமல் உள்ளே போனது. திங்கட்கிழமை வண்டி பட்டாளத்து வாசலில் போய் நின்றது. அடுத்த திங்கள் நிற்குமா, தெரியாது. ஒவ்வொரு காலையும் அது புறப்படும் சத்தம் கேட்கும்வரை எனக்கு உயிர் இல்லை.

ஒரு முனையைச் சீவிவிட்டதால் சப்பாத்தி கோணலாக வருகிறது. பிள்ளைகள் அதையும் பிய்த்துத் தின்கிறார்கள். எத்தனை மழை பெய்தாலும் இந்தக் கட்டையை நான் அடுப்பில் வைக்கமாட்டேன்.