அப்பா எழுதிய கட்டுரைகள்

அன்புள்ள ஜாபஸ்,

என் ஆய்வுக் கட்டுரையின் மேற்கோள் பட்டியலில் குடும்பப் பெயர்தான் முதலில் வர வேண்டுமாம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியலை விரித்து அப்பா பெயரைப் போட்டேன். என் பழைய கட்டுரைகளெல்லாம் ‘வெள்ளைத்துரை, சி.’ எழுதியவையாகிவிட்டன.

நம் கல்யாணத்திலிருந்து என்னோடு பேசாத மனுஷன், அம்மாவைப் பார்க்கப் போனபோது வெம்பக்கோட்டை வீட்டில் நான் மறந்துவிட்டு வந்த அந்தப் பட்டியல் தாளை எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறார். வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனி முழுக்கக் காட்டினாராம். நேற்று அவரே போன் செய்தார்.

“ஏத்தா, நான் எழுதுனதுல தப்பு கிப்பு இல்லியே?”

“இல்லப்பா.”

“மாப்பிள்ளை பேர எங்கனயும் காணோமே?”

மாப்பிள்ளையாம்! அவர் வாயாலேயே!

நீங்களும் உடனே ஏதாவது எழுதுங்கள். அதுவும் என் பட்டியலில் ‘ஜேசுதாசன், ஜா.’ என்று உங்கள் அப்பா பெயரில்தான் வரும். வரட்டும். சம்பந்திகள் இருவரும் முதன்முதலாக ஒரே பக்கத்தில் உட்காரட்டும்.

இப்படிக்கு,
அப்பா பெயரில் எழுதும் உங்கள் மனைவி