ஏழுமலைக்குப் போட்ட தனி இலை

1991 நவம்பர், ஞாயிறு

தங்கை நிக்காஹ் முடிந்தது. எனக்குத்தான் கோபம் அடங்கவில்லை. எங்கள் விருந்தில் நாலு பேர் ஒரு சஹனைச் சுற்றி உட்கார்ந்து, அந்த ஒரே தட்டில் கை போட்டுச் சாப்பிடுவோம். என்னோடு ஃபேக்டரியில் வேலை செய்யும் ஏழுமலைக்கு மட்டும் அண்ணன் ஓரமாக மேசை போட்டு இலை விரித்துவிட்டார்.

"அவங்க நம்ம தட்டுல கை வைப்பாங்களாடா? மரியாதையாத்தான் செஞ்சேன்" என்கிறார்.

மரியாதையாம்! தினமும் கேன்டீனில் என் டிபன் பாக்ஸில் கை விட்டுத் தின்கிறவன் அவன். ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?

கை கழுவும்போது ஏழுமலை கேட்டான்: "பிரியாணி சூப்பர்ப்பா. என்னை மட்டும் இன்னாத்துக்குத் தனியா குந்த வச்சீங்க?"

அண்ணனைத் திட்டி என்ன? என் சஹனில் மூன்று பேர்தான். நாலாவது இடம் காலியாக இருந்ததைப் பார்த்துக்கொண்டேதான் நானும் சாப்பிட்டேன்.