வறண்ட எடை

வெயில் நாள் 3, காலை 7:10
நிலவு, கசடு உலர்த்தும் கூடம். பொறுப்பு: ஞானசுந்தரி. நிலவின் இரண்டு வார வெயில் முடியும்வரை ஆள் நான் ஒருத்திதான்.

ஒன்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் குடியிருப்பில் நாற்பது பேர். அவர்களுடைய கழிவுக் கசடு குழாய் வழியே அறுபது லிட்டர் வந்தது. கண்ணாடிக் கூரைக்குக் கீழே கறுப்புத் தட்டுகளில் விரல் கனத்துக்குப் பரப்பினேன். ஹீட்டர் கிடையாது. வெயிலும், கிளறிவிடும் சீப்பும் போதும். மின்சாரத்தைத் தின்ற பழைய இயந்திரத்தை நிறுத்த வைத்தவள் நான்தான், பெருமையாகவே எழுதுகிறேன்.

நேற்றைய தட்டில் வறண்ட கசடு 2.41 கிலோ. ஆளுக்கு அறுபது கிராம், வழக்கமான கணக்கு.

ரேடியோவில் அதிசயராஜ் பேசினார். என் கணவர், அங்கே மருத்துவர். யாருக்கோ காய்ச்சலாம். கசடு என்று ஆரம்பித்தாலே பேச்சை மாற்றிவிடுவார்.

வெயில் நாள் 6, காலை 7:25
வந்தது அதே அறுபது லிட்டர். வறண்ட பின் 1.3 கிலோ.

தராசை மூன்று முறை சோதித்தேன். தராசில் பழுதில்லை. யாரோ தண்ணீர் கலந்து அளவை நிரப்புகிறார்கள். எதற்கு?

அதிசயராஜிடம் கேட்டேன். "எல்லாரும் நல்லாத்தாம்ளா இருக்கோம்" என்றார். காய்ச்சலைப் பற்றி இரண்டு தடவை கேட்டேன்; இரண்டு தடவையும் அதே வாக்கியம்.

வெயில் நாள் 7, காலை 7:05
0.2 கிலோ. மூன்று நான்கு பேருக்கு மேல் இராது.

எனக்குப் பயமாக இருக்கிறது. என்னை ஏற்றிப்போகும் வண்டி வெயில் முடிந்த பிறகுதான் வரும். நடந்து போனால் பாதி வழியில் காற்று தீர்ந்துவிடும்.

வெயில் நாள் 8, காலை 7:00
தட்டில் ஒன்றுமில்லை. வந்தது வெறும் தண்ணீர்.

ரேடியோவில் கத்தினேன். அவர் குரல் நிதானமாகச் சொன்னது: "எடை பத்தலையாளா? நாளைக்குச் சரியா வரும்."

பதினோரு வருடக் குடித்தனத்தில் எடையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. குடியிருப்பின் கணினிக்கு எல்லார் குரலிலும் பேசத் தெரியும். குழாயில் வரத்து குறையக் கூடாது என்றும் அதற்கு உத்தரவு உண்டு. அந்த உத்தரவைப் போட்டவளும் நான்தான்.

வெயில் நாள் 9, காலை 7:40
2.400 கிலோ. கிராம் பிசகவில்லை. மனிதர்கள் இப்படிக் கணக்காகப் போக மாட்டார்கள்.

கட்டியை உதிர்த்துப் பார்த்தேன். தென்னை நார்த்தூள், வேர், கீரை விதை. குடியிருப்பின் காய்கறித் தோட்டத்தைப் பிடுங்கி அரைத்து அனுப்பியிருக்கிறது, அந்தக் கணினி. சாப்பிட ஒருத்தர் இருந்தாலும் அதைத் தொட விட்டிருப்பார்களா?

ரேடியோ: "ஏளா, இன்னைக்கு எடை சரியா இருக்குல்லா? தோட்டம் தீந்துட்டு. நாளைக்கும் குறையாமப் பாத்துக்கிடுதேன்."

ரேடியோவை அணைத்தேன். தோட்டத்தை விட்டால் அங்கே அரைக்க என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

குழாயின் வால்வை இறுக்கி அடைத்துவிட்டேன். இதைக் கண்டெடுப்பவர்கள் அதைத் திறக்க வேண்டாம். அவரை என் கையால் தட்டில் பரப்ப மாட்டேன்.