நிமிர்த்தி வைத்த பாட்டில்கள்

லா மோர்ரா,
அக்டோபர்.

அன்புள்ள இலாரியாவுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு நலம், மனசைப் பற்றிக் கேட்காதே. நீயும் உன் வீட்டுக்காரனும் மெல்போர்னில் சுகம் என்று உன் சித்தப்பன் ஒரெஸ்தே சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. வீட்டை விற்றுவிடலாம் என்றும் நீயும் அவனுமே போனில் பேசி முடித்துவிட்டீர்கள். சரி என்று நிலவறையைக் காலி செய்யப் பழைய பீப்பாயை நகர்த்தினோம். அதன் பின்னால் மணலில், ஒட்டடை மூடி, பரோலோ பாட்டில்கள் படுத்துக் கிடந்தன. நீ பிறந்த வருடத்து ஒயின். உன் கல்யாணத்துக்கென்று தாத்தா வைத்தது. அடியில் படிந்த வண்டல் கலையாமலிருக்க எந்தப் பக்கம் மேலே இருக்கவேண்டும் என்பதற்குச் சுண்ணாம்புக் கோடு போட்டு, பக்கத்தில் உன் பெயரையும் எழுதியிருந்தார். யாரிடமும் சொல்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டார், அவர்மேலும் எனக்குக் கோபம்தான். நீயோ அங்கேயே பதிவுக் கல்யாணம் செய்துகொண்டு எங்களுக்குப் புகைப்படம் அனுப்பினாய்.

நான் மருந்துக்கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் உன் சித்தப்பன் அத்தனையையும் குழாயடியில் கழுவி, சாப்பாட்டு மேசையில் நிமிர்த்தி வைத்து, தூரின் நகரத்து ஒயின் வியாபாரி ஒருவனுக்குப் படம் எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தான். கோடும் போயிற்று, உன் பெயரும் போயிற்று, வண்டல் கிளம்பி எல்லாம் கலங்கிவிட்டது. பாகம் பிரிக்கையில் திராட்சைத் தோட்டம் முழுவதையும் கேட்டு வாங்கியவனுக்கு ஒரு பாட்டிலைத் தூக்கத் தெரியவில்லை. கத்தினேன். "ஏண்ணே குதிக்கிற? அவ அங்க பீரக் குடிச்சிட்டுக் கல்யாணத்தையே முடிச்சிட்டா. இது இன்னும் யாருக்காகப் படுத்துக் கெடக்கணும்?" என்றான். அந்தப் பேச்சைக் கேட்ட ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. உன் அம்மா வந்து, சண்டை முடிந்தால் மேசையை விடுங்கள், பாஸ்தாவுக்கு மாவு தேய்க்கவேண்டும் என்றாள். அவனை வெளியே அனுப்பிவிட்டு எல்லாவற்றையும் மறுபடி மணலில் படுக்கவைத்தேன். எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று இனி யாருக்கும் தெரியாது. நானே ஒரு பக்கம் பார்த்துக் கோடு போட்டு, உன் பெயரையும் எழுதினேன்.

வண்டல் அடங்கக் கிறிஸ்துமஸ் ஆகும். என் கையெழுத்து இல்லாமல் வீடு விலைபோகாது. நீயும் உன் வீட்டுக்காரனும் வந்து இந்த மேசையில் ஒரு பாட்டில் குடித்த பிறகுதான் போடுவேன், உன் சித்தப்பனிடம் சொல்லிவிடு. அங்கே குளிர் விட்டதென்று சட்டை குறைத்துத் திரியாதே. மாதா உன்னைக் காக்கட்டும், உன் வீட்டுக்காரனையும்தான். அவன் பெயரை மறக்காமல் எழுத்துக்கூட்டி அனுப்பு, உன் பெயருக்குப் பக்கத்தில் இடம் விட்டிருக்கிறேன்.

கோபம் தணியாத உன் அப்பா,
அரிஸ்தீதே