நாகப்பட்டினத்துக்கு விட்டுக்கொடுக்க முடியாத பிரசவம்

திருவிடைமருதூர்
19.1.2025

அருமை மகள் பூவிழிக்கு,

நீ அனுப்பிய மருத்துவச்சி பிரகதீஸ்வரி சிஸ்டர் நேற்று வந்தார். வீடு முழுக்கச் சுற்றிப் பார்த்தார். இங்கே பிரசவம் பார்க்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

போனில் பேசினால் நம் இருவர் குரலும் ஏறிவிடுகிறது. உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொள்கிறாள். அதனால்தான் கோயம்புத்தூருக்குக் கடிதம்.

வீட்டுப் பிரசவமே வேண்டாம் என்று கத்தியவன் நான். பயிற்சி பெற்ற மருத்துவச்சி, டாக்டரம்மா சம்மதம், ஸ்கேன் எல்லாம் சுத்தம் என்று ஒவ்வொன்றாக அடுக்கி என்னை இழுத்து வந்தவள் நீ. நான் தலையாட்டிய பிறகு என் வீடு ஆகாது என்கிறார்கள்! மூட்டை சுமந்து, நெல் வாங்கி விற்றுக் கட்டிய வீடம்மா இது.

"சிஸ்டர், தரை கிரானைட்டு. இன்வெர்ட்டர் இருக்கு. வெந்நீருக்கு மெஷின் இருக்கு. இன்னும் என்ன கொறை?" என்றேன்.

"வீட்ல கொறையே இல்லங்க. வழிதான் இல்ல. மெயின் ரோட்ல ஆட்டோவ விட்டுட்டு, ரோடு பூரா காயிற நெல்ல மிதிக்காம நடந்து வந்திருக்கேன். நடுவுல ஏதாச்சும் சிக்கல்னா ஆஸ்பத்திரிக்கு எப்படிக் கொண்டு போறது? யாரு நெல்லுங்க அது?"

"பாதி ஊராரோடது. மீதி... என்னோடது" என்றேன். உன் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

நீ என்ன சொல்கிறாய்? உடனே எழுது.

உன் அப்பா,
இராஜாங்கம்


கோயம்புத்தூர்
24.1.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதத்தைப் படித்து நானும் அவரும் சிரித்த சிரிப்பில் குழந்தை இரண்டு உதை விட்டது.

சிஸ்டர் மேல் கோபப்படாதீர்கள். வீட்டில் பிரசவம் பார்ப்பவர் முதலில் பார்ப்பது வீட்டை அல்ல, அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியை. வண்டி வாசலுக்கு வரவில்லை என்றால் அவர் கையே வைக்க மாட்டார். அப்படிப்பட்டவர் என்பதால்தான் அவரைத் தேடிப் பிடித்தேன்.

எனக்கு வலியைப் பற்றிப் பயமில்லை அப்பா. தெரியாத அறையில், தெரியாத முகங்களுக்கு நடுவே, கட்டிலோடு கட்டிலாகக் கிடக்க வேண்டுமே என்பதுதான் பயம். எழுந்து நடக்க வேண்டும். அம்மா கை பக்கத்தில் இருக்க வேண்டும்.

நாகப்பட்டினத்திலிருந்து அத்தை, அவருடைய அம்மா, நேற்றே பேசிவிட்டார்கள். "எங்க தெரு அகலம், ஆஸ்பத்திரி பக்கம். ஒங்கம்மாவையும் கூட்டிக்கிட்டு இங்க வந்துரு" என்கிறார்கள். சிஸ்டரும் அங்கே வந்து தங்கத் தயார். மாசி பிறந்தால் நாள் நெருங்கிவிடும். தை முடிவதற்குள் உங்கள் பதில் வேண்டும்.

அன்புடன்,
பூவிழி


திருவிடைமருதூர்
2.2.2025

என் செல்ல மகளுக்கு,

நாகப்பட்டினமா? தலைப்பிரசவம் தாய்வீட்டில் இல்லாமல் மாமியார் வீட்டில் நடந்தால், நாளைக்கு எந்த முகத்தோடு நான் தராசுக்கு முன்னால் உட்காருவேன்?

நேராகத் தியாகேசனிடம் போனேன். அவர் சொன்னால்தான் நம் தெரு விவசாயிகள் நெல்லை அள்ளுவார்கள்.

"அறுவடை நேரத்துல ரோட்ட விட்டா நாங்க எங்க காயப்போடுறது, மொதலாளி? ஒங்க மாடியிலயா?" என்றார்.

"என் அரிசி ஆலைக்குப் பின்னாடி சிமெண்டுக் களம் இருக்கே, அங்க காயப்போடுங்க."

நான் சொன்னதை நானே நம்பவில்லை. அந்தக் களத்தில் வெளியார் நெல் ஒரு மணி விழுந்ததில்லை. தியாகேசன் லேசுப்பட்ட ஆளா? நான் இறங்கி வருவதைப் பார்த்ததும் இன்னொரு கொக்கி போட்டார்.

"அப்படியே இன்னொண்ணு. நெல்லுல ஈரம் எவ்வளவுன்னு இனிமே ஒங்க கை சொல்லக் கூடாது. மெஷின் சொல்லணும். எங்க கண்ணு முன்னாடி."

"பொண்ணு பிரசவத்த வச்சு யாவாரம் பண்றீங்களே!"

"ஒங்ககிட்ட கத்துக்கிட்டதுதான்."

ஒத்துக்கொண்டேன். ஒரு பிடி நெல்லை அள்ளிப் பார்த்தே விலை பேசியவன் நான். இப்போது மீட்டர் வாங்கி மேசைமேல் வைத்திருக்கிறேன். ரோடு கண்ணாடி மாதிரிக் கிடக்கிறது. சிஸ்டரை மறுபடியும் அழைத்தேன். ஆட்டோ வாசலில் வந்து நின்றது. சம்மதம் என்றார். ஆனால் வலி கண்டதிலிருந்து நான் மாடிக்கு வரக் கூடாதாம்.

"என் வீட்டு மாடிக்கா?"

"ஆமாங்க. ஒங்க கொரலு பிள்ளைக்கும் ஆகாது, எனக்கும் ஆகாது."

கிளம்பி வா. டிரைவர் அப்சரை அனுப்புகிறேன்.

உன் அப்பா


மாடியிலிருந்து
21.2.2025

அப்பா,

அம்மா காபி டம்ளரோடு இதைக் கொண்டு வருவாள். சிஸ்டர் இன்னும் உங்களை மேலே விடவில்லை. அதனால் எழுதித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

நேற்று நன்றாகவே வலித்தது அப்பா, பொய் சொல்ல மாட்டேன். ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். அம்மா இடுப்பில் வெந்நீர்த் துண்டை ஒற்றி எடுத்தாள். சிஸ்டர் அவ்வப்போது குழந்தையின் துடிப்பைக் கேட்பார், "நல்லா இருக்கு, ஒன் இஷ்டத்துக்கு நட" என்பார், அவ்வளவுதான். ஒரு கட்டத்தில் "முடியல, ஆஸ்பத்திரிக்கே போயிரலாம்" என்று அழுதேன். "போலாம். வண்டி வாசல்லதான் நிக்குது. போலாமா?" என்றார். எட்டிப் பார்த்தேன். கார் நின்றது. ரோடு வெறிச்சென்று கிடந்தது. எந்த நேரமும் போகலாம் என்று கண்ணால் பார்த்ததும் எனக்கு அவசரம் போய்விட்டது. உங்கள் பேத்தி அதற்குப் பிறகு அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

கீழே நம் கடைக்கு நெல் லாரி வந்தது தெரியும். ஆனால் சத்தமே இல்லை. பிள்ளை அழுத பிறகுதான் முதல் தடவையாக ஒரு மூட்டை தொப்பென்று விழுந்தது. நீங்கள்தான் மூட்டை இறக்குபவர்களை மிரட்டி வைத்திருந்தீர்களாமே!

மூக்கு உங்களுடையது. என்ன செய்வது.

உங்கள் பூவிழி


கடையிலிருந்து
22.2.2025

தாயே,

மிரட்டவில்லை. கேட்டுக்கொண்டேன். மூட்டையைப் பிள்ளை மாதிரி இறக்கினார்கள், பாவம்.

உன் மாமியார் நாகப்பட்டினத்திலிருந்து வந்து இறங்கியாயிற்று. பேத்தியைப் பார்த்துவிட்டு நேரே கடைக்கு வந்து என் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

"மொதப் பிரசவத்த ஜெயிச்சுட்டீங்க அண்ணே. மிச்சத்தப் பேசுவமா?"

தியாகேசனே தேவலை. உன்னைக் கேட்காமல் பேசினோம் என்று கோபிக்காதே. பிடிக்கவில்லை என்றால் எழுதி அனுப்பு. முடிவானது இதுதான்: ஐந்தாம் மாதம் வரை பிள்ளை இங்கே. பிறகு ஒரு மாதம் நாகப்பட்டினத்தில், காதுகுத்தும் அங்கேயே. பெயர் நீயும் மாப்பிள்ளையும் வைப்பது. சம்பந்திகள் இருவரும் வாய் திறப்பதில்லை. அடுத்த பிரசவம், நீ மனது வைத்தால், அவர்கள் வீட்டில்.

அப்பா