உர்பீனோவுக்கு ரயில் இல்லை

பியாசென்சா,
1994 ஆகஸ்ட் 24

அன்புள்ள ஓர்னெல்லா,

நலம். நீயும் உன் அக்கா நீவெஸும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனை எடுக்க மாட்டேன் என்று பிடிவாதமாக இருக்கிறாய். அதனால் பள்ளிக்கூடத்தோடு விட்ட பேனாவை மறுபடி கையில் எடுத்திருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். செப்டம்பரில் கூட்டம் குறைந்துவிடும். மாந்தோவா, ஃபெராரா, ராவென்னா, கடைசியில் உர்பீனோ. கல்யாணமான வருஷம் போகலாம் என்று நினைத்துப் போகாமல் விட்ட ஊர்கள். நாம் இருவர் மட்டும், நம் காரில். ஊர் திரும்பும்போது நீ நம் வீட்டுக்கே வந்துவிட வேண்டும் என்பது என் ஆசை. மறைத்து என்ன ஆகப்போகிறது?

வண்டியைச் சரிபார்க்க தாரியோவிடம் விட்டேன். "என்ன துல்லியோ, பொண்டாட்டி போனதும் வண்டியத்தான் கொஞ்சிக்கிட்டு இருக்க போல!" என்று பட்டறையே கேட்கும்படி கத்துகிறான். நீ வந்து அவன் வாயை அடை.

உன்
துல்லியோ


கியோஜா,
ஆகஸ்ட் 30

அன்புள்ள துல்லியோ,

உன் கடிதம் கிடைத்தது. கையெழுத்து இன்னும் மோசமாகவே இருக்கிறது. படித்ததும் மனம் இளகியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். போகலாம். ஆனால் ரயிலில்.

ஏன் என்று கேட்காதே. போன கோடையில், மோதெனா தாண்டி நெடுஞ்சாலை ஓய்வகத்தில், நீ உள்ளே வர மாட்டேன் என்று காரில் உம்மென்று உட்கார்ந்திருந்தாய். வெளியே கொண்டுபோகத் தர மாட்டேன் என்ற கடைக்காரனிடம் கெஞ்சி, காகிதக் கோப்பையில் காப்பி வாங்கி வந்தேன். கார் இருந்த இடத்தில் கார் இல்லை. நீ திரும்பி வந்தாய்தான். அதற்குள் காப்பி ஆறி, இன்னொன்று வாங்கி, அதுவும் ஆறியிருந்தது. "பெட்ரோல் போடப் போனேன்" என்றாய். பெட்ரோல் அங்கேயே விற்றார்கள்.

நீவெஸ் சொல்கிறாள்: "கார்ல போறதுன்னா ஒரு மடக்கு நாற்காலியும் கையோட எடுத்துக்கிட்டுப் போடி. வழியில விட்டுட்டுப் போனா உக்காரவாவது உதவும்." நான் சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை.

ரயிலில் யாரும் யாரையும் விட்டுவிட்டுப் போக முடியாது. எனக்குப் பிடிக்காவிட்டால் அடுத்த நிலையத்தில் நானே இறங்கிக்கொள்வேன்.

ஓர்னெல்லா


பியாசென்சா,
செப்டம்பர் 4

அன்புள்ள ஓர்னெல்லா,

ஒரு காப்பியை எத்தனை காலம் ஆறவைப்பாய்?

ரயில், ரயில் என்கிறாய். வெள்ளிக்கிழமை வந்தால் ரயில்காரர்கள் வேலைநிறுத்தம் என்பார்கள். மாந்தோவாவுக்கே கிரெமோனாவில் மாற வேண்டும். உர்பீனோவுக்கு ரயிலே இல்லை. பெசாரோவில் இறங்கிப் பேருந்துக்குப் பெட்டியோடு நிற்க வேண்டும். இதெல்லாம் உனக்குத் தெரியாதா? தெரிந்தும் கேட்கிறாய் என்றால் காரணம் வேறு. ஃபெராராவில் அந்த நில அளவைக்காரன் இருக்கிறானே, உன் தங்கை மகள் கல்யாணத்தில் உன்னோடு மூன்று பாட்டுக்கு ஆடியவன். அவன் வீடு நிலையத்துக்கு எதிரில்தான் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அடுத்த நிலையத்தில் இறங்கிக்கொள்வாளாம்! எந்த நிலையம் என்று எனக்குத் தெரியாதா?

அவசரத்தில் எழுதிவிட்டேன். அடித்துத் திருத்தினால் அசிங்கமாக இருக்கும், அப்படியே அனுப்புகிறேன்.

துல்லியோ


கியோஜா,
செப்டம்பர் 9

துல்லியோ,

அந்த மனிதர் இடுப்பு எலும்பு முறிந்து, போன குளிர்காலத்திலிருந்து படுக்கையில் கிடக்கிறார். நீ பொறாமைப்பட வேறு ஆளைத் தேடு. ரயில் மேல் உனக்கென்ன கோபம் என்றும் எனக்குத் தெரியும். ஏறுமுன் நடைமேடை மஞ்சள் இயந்திரத்தில் டிக்கெட்டுக்கு முத்திரை குத்த மறந்துவிட்டு, பரிசோதகரிடம் சட்டம் பேசி, ரயில் பெட்டி முழுக்க நம்மைத் திரும்பிப் பார்க்க வைத்தாயே, அன்றோடு உனக்கு ரயில் ஆகாது.

சரி, உன் வழிக்கே வருகிறேன். காரில் போகலாம். நான் ஓட்டுகிறேன். உனக்கு முன்பே உரிமம் வாங்கியவள் நான். கல்யாணத்துக்குப் பிறகு நீதான் ஓட்டவிடவில்லை. ஒரே நிபந்தனை: சாவிகள் இரண்டையும் பதிவுத் தபாலில் எனக்கு அனுப்பு. பயணம் முடியும்வரை இரண்டும் என் கைப்பையில் இருக்கும். வழியில் நீ உம்மென்று இருந்தாலும் சரி, கத்தினாலும் சரி, எனக்குப் பயமிருக்காது. சாவிகள் வந்ததும் வீட்டுக்கு வருகிறேன். என் துணிகளையும் கொண்டு வருவேன், எல்லாவற்றையும்.

ஓர்னெல்லா


பியாசென்சா,
செப்டம்பர் 14

என் அன்பு ஓர்னெல்லா,

உன் கடிதத்தைப் படித்தபோது சமையலறையில் தனியாக நின்று அழுதேன். நீ நம்ப மாட்டாய்.

இதோ சாவி. என் சட்டைப்பையில் இத்தனை வருஷம் கிடந்த அதே சாவி. வளையத்தில் தொங்கும் புனித கிறிஸ்தோபர் பதக்கத்தையும் கழற்றாமல் அப்படியே அனுப்புகிறேன். இன்னொன்றை நீ எங்கே ஒளித்து வைத்தாய் என்று வீடு முழுக்கத் தேடிவிட்டேன், கிடைக்கவில்லை. சுவருக்கு வண்ணம் அடித்தபோது தொலைந்திருக்கும். இருப்பது ஒன்றுதான், அது இனி உன்னிடம்.

நீயே ஓட்டு. நான் வரைபடத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். தாரியோவிடம் சொன்னேன். "அப்போ நீ வாயத் தொறக்காம வா, அது போதும்" என்றான்.

என்றும் உன்
துல்லியோ


கியோஜா,
செப்டம்பர் 19

துல்லியோ,

சாவி வந்தது. நீவெஸ், "பாத்தியாடி, மனுஷன் மாறிட்டான். போ, துணிய எடுத்து வை" என்றாள். பெட்டியையும் இறக்கிவிட்டேன்.

பிறகு பதக்கத்தைத் திருப்பினேன். வளையத்துக்குள், சாவியின் கழுத்தில் ஒரு சிவப்புப் பொட்டு. என் நகச்சாயம். மாற்றுச் சாவி எது என்று தெரிவதற்காக நான் வைத்த பொட்டு. மாவு டப்பாவுக்குப் பின்னால் கிடந்தது இது. உன் சாவியின் தலையில் நம் நாய் கடித்த பல் தடம் இருக்கும். இதில் இல்லை.

ஆக, உன்னுடையது உன் சட்டைப்பையில்தான் இருக்கிறது.

அன்று ஓய்வகத்தில் நீ போனது கோபத்தில். கோபத்தை மன்னிக்கத்தான் கிளம்பினேன். இது கோபமில்லை, துல்லியோ. மேசையில் விளக்குக்குக் கீழே உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இந்தப் பதக்கத்தை ஒரு வளையத்திலிருந்து கழற்றி இன்னொன்றில் நிதானமாக மாட்டியிருக்கிறாய். அதை முடித்துவிட்டு, அழுதேன் என்று எழுதியிருக்கிறாய். அழுதிருப்பாய் என்றே நினைக்கிறேன். எனக்குப் பயமாக இருப்பது அதனால்தான்.

பெட்டியைத் திரும்ப மேலே ஏற்றவில்லை. நாளைக் காலை ரயிலில் மாந்தோவா போகிறேன். பிறகு ஃபெராரா, ராவென்னா, பெசாரோ. உர்பீனோவுக்குப் பேருந்தில் போய்க்கொள்கிறேன். அங்கிருந்து எங்கே என்று இன்னும் யோசிக்கவில்லை, பியாசென்சா இல்லை.

சாவியை இதனுடன் அனுப்புகிறேன். பதக்கத்தை நான் வைத்துக்கொள்கிறேன். அது பிரயாணம் போகிறவர்களுக்கு உரியது.

ஓர்னெல்லா