முக்கில் நிற்காத பஸ்

22.8.1999, ஞாயிறு இரவு

"சார்வாள், காலேஜ்ல இடம் ஒதுக்கிட்டா போதுமா?" என்று நான் வாத்தியாராக இருந்தபோது வகுப்பில் ஒருத்தி கேட்டாள். இலை போட்டால் போதாது, சோறும் வர வேண்டும் என்றேன்.

அந்தக் கேள்வி இப்போது பக்கத்து வீட்டிலேயே இருக்கிறது. நூர்ஜகானின் மகளுக்குப் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டில் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தது. ஆனால் காலை பஸ் எங்கள் பத்தமடைத் தெருமுக்கில் நிற்பதில்லை. பாதி நாள் பெண் வீட்டில்தான். "இப்படியே போனா படிப்பை நிறுத்திருவேன்" என்கிறாள் நூர்ஜகான்.

இன்று சாயங்காலம் வேட்பாளர் வந்தார். பள்ளிவாசல் தலைவருக்குச் சால்வை போட்டுவிட்டு, "உங்க தெரு ஓட்டு நமக்குத்தானே பாய்?" என்றார்.

தலைவர் சிரித்தார். "என்கிட்ட என் ஓட்டு மட்டுந்தான் இருக்கு அண்ணாச்சி. மிச்சம் வீட்டுக்கு வீடு இருக்கு."

வேறு வழியில்லாமல் வீடு வீடாகப் போனார். எல்லா வீட்டிலும் டீ. நூர்ஜகான் வீட்டுக்கு வரும்போது டம்ளரைப் பார்த்ததுமே போதும் என்று கும்பிட்டுவிட்டார்.

அவள் விடவில்லை. "எல்லா வாசல்லயும் நின்னியள்லா அண்ணாச்சி? பஸ்ஸையும் எங்க முக்குல ஒரு நிமிஷம் நிக்கச் சொல்லுங்க."

தெருவே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு, "நாளைக்குக் காலைல நானே மறிச்சு பிள்ளையை ஏத்திவிடுதேன்" என்றார்.

வருவாரோ என்னவோ. வராவிட்டால் மறிக்க நாங்கள் இருக்கிறோம். பக்கத்து வீட்டில் பெண் சுடிதாருக்கு இஸ்திரி போடுகிறாள்.

ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம், இடமும் நேரமும் சொல்லி, ஒரே ஒரு காரியம் கேட்டுப் பாருங்கள்.